எரிக் சாரின் பரீட்சை அட்டை

தி. நகரில் ஒரு சந்துக்குள், மாடியில் இருக்கும் மேஜிக் சாமான் கடையிலிருந்து எரிக் சார் வெறுங்கையோடுதான் இறங்கி வந்தார். முகத்தில் மட்டும் இளக்காரம் ஒட்டிக்கொண்டு வந்தது. கடைக்காரர் பாவம், எடுத்து எடுத்து வைத்திருந்தார். உள்ளே லைட் எரிகிற கண்ணாடி உருண்டை, சிவப்பு வெல்வெட் ஒட்டிய பெட்டி, மண்டையோடு அச்சடித்த பர்ஸ். கடைசியில் ஒரு கறுப்பு நோட்டு.

"சார், இது ஃபாரின் பீஸ். இதுல எழுதுனா உங்க போன்லயே வந்துரும். பெருங்குடி பக்கம் ஐ.டி. கம்பெனில ஷோ பண்றவங்க எல்லாம் இதான் வாங்கினு போறாங்க."

"அவங்களுக்கே குடுங்க" என்றார் எரிக்.

தெருவில் இறங்கிய பிறகும் மனசு ஆறவில்லை. அடுத்தவர் மனசைப் படிக்கிறேன் என்று நிற்கிறவன் மண்டையோட்டுப் பர்ஸை எடுத்தால், பார்க்கிறவன் முதலில் அந்தப் பர்ஸைத்தானே சந்தேகப்படுவான்? இந்தச் சின்ன விஷயம்கூடப் புரியாத ஜென்மங்கள் கோட்டு மாட்டிக்கொண்டு, ‘மென்டலிஸ்ட்’ என்று கார்டு அடித்து நீட்டுகின்றன. பெரிய ஹாலில் எதைக் காட்டியும் ஏமாற்றலாம். முப்பது பேர் கைக்கெட்டும் தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்போது, அவரவர் வீட்டில் கிடக்கிற சாமானாகத்தான் இருக்க வேண்டும். இன்னொரு தடவை திரும்பிப் பார்க்க யாருக்கும் தோன்றக் கூடாது.

எரிக் சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பதில் தெரியாமல் முழிக்கும் முகங்களையே பார்த்துப் பார்த்து, மனிதர்கள் மேல் அவருக்குப் பெரிய மரியாதை ஒன்றும் மிஞ்சவில்லை. சனி ஞாயிறில் மேஜிக். அதுவும் என்ன மேஜிக்? அடையாறில் யார் வீட்டுப் பிள்ளைக்காவது பிறந்த நாள் என்றால் கூப்பிடுவார்கள். தொப்பியிலிருந்து பூ எடுப்பார். அதை ஒரு பிள்ளையும் பார்க்காது. "பலூன் அங்கிள், எனக்கு நாய்" என்று காலைக் கட்டிக்கொள்ளும். பெற்றவர்கள் சாப்பாட்டு வரிசையில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பலூனை முறுக்கி நாய் செய்து கொடுத்துவிட்டு, பேப்பர் தட்டில் ஒரு துண்டு கேக் வாங்கிக்கொண்டு வர வேண்டும். பேண்ட்டில் ஒட்டிய க்ரீமைத் துடைக்கும்போதெல்லாம் தன் மேலேயே அவருக்கு அருவருப்பாக வரும்.

அதிலிருந்து தப்பிக்க இப்போதுதான் ஒரு வழி பிறந்திருந்தது. தி. நகரில் ஒரு ஃபிளாட்டில் பெரியவர்கள் மாதம் ஒருமுறை கூடுகிறார்கள். காபி, போண்டா, பிறகு ஏதாவது நிகழ்ச்சி. செக்ரட்டரி ஷரீஃப் சொல்லியிருந்தார்: "இந்தத் தடவை பண்ணுங்க சார். எங்க ஆளுங்களுக்குப் புடிச்சிப்போச்சுன்னா மாசா மாசம் நீங்கதான். மத்த ஃபிளாட்டுக்கும் சொல்லிர்றேன்." அப்படி நடந்தால் பலூனுக்கு ஒரேயடியாகக் கும்பிடு போட்டுவிடலாம்.

அதற்காக அவர் தேர்ந்தெடுத்தது ஒரு பரீட்சை அட்டை. மேலே கிளிப் வைத்து, பிள்ளைகள் பரீட்சைக்குக் கொண்டுபோகும் சாதாரண அட்டை. அதன் மேல் ஒரு வெள்ளைத் தாள். அதற்கு மேல், உள்பக்கம் கார்பன் ஒட்டிய பிரவுன் ஷீட். இடது விளிம்பை மட்டும் ஒட்டவில்லை. ஒருவர் அட்டையில் சீட்டை வைத்து ஒரு பேர் எழுதுவார். சீட்டைத் தானே மடித்து வைத்துக்கொண்டு அட்டையைத் திருப்பித் தருவார். கண்ணை மூடி யோசிப்பது போலக் குனிந்து, கட்டை விரலால் விளிம்பைத் தூக்கினால் முதல் எழுத்துகள் தெரியும். மிச்சத்தை ஊகித்துவிடலாம்.

சர்ச் பங்கில், தெருக்காரர்கள் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டம் முடிந்ததும், வந்தவர்களை உட்காரவைத்துப் பழகிப் பார்த்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. "உங்களுக்கு ஏதோ வரம் இருக்கு சார்" என்றார்கள். கார்பன் தாளுக்கு வரம் என்று பேர் வைக்கும் கூட்டம் என்று நினைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது அவர் மனைவி ஈவ்லின் சொன்னாள்: "பலூனையும் எடுத்துட்டுப் போங்க. எதுக்கும் இருக்கட்டும்."

"உனக்கு இதெல்லாம் புரியாது" என்று பொட்டலத்தைப் பையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனார்.

ஃபிளாட்டின் கீழ்த்தளத்து ஹாலில் முதல் இரண்டு வித்தைகளும் எடுபட்டன. எரிக் முன்வரிசையை ஒரு நோட்டம் விட்டார். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சொர்ணம்மா போண்டாவை முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்தக் கிழம் எதையும் கண்டுபிடிக்காது என்று எரிக்குக்குத் தோன்றியது.

"அம்மா, உங்ககூடப் படிச்ச ஒரு தோழி பேரை மனசுல நினைச்சு, இதுல எழுதுங்க. எனக்குக் காட்ட வேணாம்."

சொர்ணம்மா எழுதினார். சீட்டை மடித்துக் கைக்குள் பொத்திக்கொண்டு அட்டையைத் தந்தார். எரிக் குனிந்து விளிம்பைத் தூக்கினார். ‘உ’. அதற்குக் கொஞ்சம் கீழே ‘மா’. எழுத்து ஏறுக்கு மாறாகத்தான் இருந்தது. வயசானதுகளின் கையெழுத்து வேறு எப்படி இருக்கும்?

"சின்னப் பேரு" என்றார் மெதுவாக. "ரெண்டே எழுத்து. நீங்க அவங்களைப் பார்த்து ரொம்ப நாளாச்சு. உமா."

சொர்ணம்மா சங்கடமாகப் பார்த்தார். "இல்லியேப்பா. மாலதி."

அங்கேயே சிரித்து மழுப்பியிருந்தால் பிழைத்திருக்கலாம். எரிக்குக்குள் இருந்த வாத்தியார் விடவில்லை. "எழுதினது உமாதாம்மா. சீட்டைப் பிரிங்க."

ஷரீஃப் சீட்டை வாங்கிப் பிரித்தார். "மாலதின்னுதான் சார் கீது. மேல பிள்ளையார் சுழி."

"கை தானாப் போட்டுரும்ப்பா" என்றார் சொர்ணம்மா. "ஆனா சுழியைப் பேப்பர்லதான் போட்டேன். மனசுல மாலதி மட்டும்தான் இருந்தா."

ஹால் ஒரு கணம் யோசித்தது. பிறகு சிரித்தது. யாரோ அட்டையை வாங்கி விளிம்பைத் தூக்கிக் காட்ட, இன்னும் சிரித்தது. அன்பியத்தில் பேருக்கு மேல் சின்னதாகச் சிலுவை போட்டவர்கள் உண்டு. அதைத் தாண்டிப் படிக்க எரிக்கின் கண்ணுக்குத் தெரிந்திருந்தது. இந்தச் சுழியும் அவருக்குப் புதிதில்லை. வருஷா வருஷம் எத்தனையோ பிள்ளைகள் பரீட்சைத் தாளின் உச்சியில் போட்டுக் கொடுத்ததுதான். அவர் பார்த்ததெல்லாம் அடிக்க வேண்டிய விடைகளை மட்டும்.

ஷரீஃபுக்கு இரக்கம் வந்துவிட்டது. அதைத்தான் எரிக்கால் தாங்க முடியவில்லை. "விடுங்க சார். அடையாறுல பலூன் நல்லாப் பண்ணுவீங்களாமே. பேரப் பிள்ளைங்க வெளியதான் விளையாடுதுங்க, கூப்பிடறேன்."

பலூன் கொண்டுவரவில்லை என்று சொல்லிக்கொண்டே, மேஜைத் துணியை மடித்து வைக்கப் பையைத் திறந்தார். அடியில் பம்பும் பலூன் பொட்டலமும் இருந்தன. ஈவ்லின் யாரையும் எதையும் எழுதச் சொல்லவில்லை, எந்த அட்டையையும் தூக்கிப் பார்க்கவில்லை. எரிக்குக்குக் காது வரை சுட்டது.

"அதான் இருக்கே சார்" என்றார் ஷரீஃப்.

அதற்குள் பிள்ளைகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டன. "பலூன் அங்கிள், எனக்கு நாய்."

எரிக் சார் பம்பை எடுத்தார்.