நான் கூடுதலாகத் தைத்த மேலங்கி

நான் வடசேரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். கல்லூரியில் படிக்கும் என் மகள், வீடியோ கேமில் வரும் வீராங்கனை போல வேடமிடும் போட்டிக்காக இறுக்கமான கவச உடை கேட்டாள். தைத்துக் கொடுத்தேன். ஆனால் அவள் போட்டுப் பார்த்தபோது எனக்கு மனம் கேட்கவில்லை.

“ஏட்டி, இதப் போட்டுக்கிட்டு ரோட்டுல போவியா?” என்று சொல்லி, கேமில் இல்லாத, தோளிலிருந்து கால்வரை தொங்கும் நீண்ட மேலங்கி ஒன்றையும் தைத்து, கழுத்தில் எளிதில் கழலாத கொக்கி வைத்தேன்.

போட்டியன்று எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். பஸ் ஸ்டாண்டைத் தாண்டியதும் “அம்மா” என்று அலறினாள். வண்டி குலுங்கி நின்றது. மேலங்கி முழுவதும் பின்சக்கரத்தில் சுற்றிக் கிடந்தது. எனக்குத் திரும்பிப் பார்க்கவே தைரியம் வரவில்லை. பார்த்தால், கழுத்தைத் தடவியபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு சிவந்த கோடு மட்டும்தான்.

“கொக்கி என்னாச்சு மக்கா?”

“அதப் பிரிச்சிட்டு பிரஸ் பட்டன் வச்சேம்மா. மேடை ஏறும்போ ஒரே இழுப்புல கழத்திப் போடலாம்னு நெனச்சேன்.”

இப்போது போட்டிக்குப் போகும்போது வேட உடைகள் பையில்தான் போகின்றன. கழுத்தில் தொங்கும் எதற்கும் பிரஸ் பட்டன்தான் வைக்கிறேன். கேமில் அந்தப் பெண்ணுக்கு மேலங்கி இல்லையென்றால், நானும் தைப்பதில்லை.