பாங்கு கேட்டதும் முதல் வாய்

மலேசியாவில் ஜொகூருக்கு வந்த புதிதில் என்னை முதலில் ஏமாற்றியது சூரியன்தான். கரூரில் ஏழு மணிக்கெல்லாம் நன்றாக இருட்டிவிடும். நிலாவைக் காட்டி, நாயைக் காட்டி, ஒரு கிண்ணம் சோற்றை உள்ளே தள்ளிவிடலாம். இங்கே ஏழு மணிக்கும் பளிச்சென்று வெளிச்சம். என் மகள் யாழினி, "நிலா எங்கம்மா?" என்று கேட்டுவிட்டு வாயை இறுக மூடிக்கொள்வாள். நிலாவுக்கு நான் எங்கே போவேன்?

நான்கு வயதுக் குழந்தைக்கு ஒரு வேளைச் சோறு ஊட்டுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வரும். உங்களில் பலருக்கு இந்தப் பாடு தெரிந்திருக்கும். வரிசை வீடுகளின் வாசலெல்லாம் அவள் ஓட, பருப்புச் சோற்றுக் கிண்ணத்தோடு பின்னால் நான். வாயில் வைத்தால் கன்னத்தில் அடக்கிக்கொள்வாள், அதட்டினால் துப்புவாள். கடைசியில் இருவரும் அழுது முடிப்போம். கிளினிக்கில் எடை பார்க்கும் நர்ஸ் ஒன்றும் சொல்லமாட்டார். அந்த மௌனம்தான் பயமாக இருக்கும். கணவர் விடியுமுன்பே பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள். பிள்ளை பசி என்று சொல்லுமுன்பே அதன் வாயில் சோறு இருக்க வேண்டும் என்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். அந்தச் சோறு இறங்காதபோது, நானே தோற்றுப்போனதாகத் தோன்றும்.

பக்கத்து வீட்டு மலாய்ப் பெண்ணை, அக்கா என்கிற முறையில், எல்லாரும் காக் யாத்தி என்பார்கள். ஒருநாள் என் ஓட்டத்தைப் பார்த்து அவர் சிரித்து ஏதோ சொன்னார். எனக்கு மலாய் வராது. எதிர்வீட்டு மல்லிகா அக்கா இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். அவர்தான் எடுத்துச் சொன்னார்.

"புள்ளைக்குக் கொஞ்சம் பசிக்கட்டும்னு சொல்றாங்க லா."

எனக்குச் சுருக்கென்றது. பெற்றவளிடம் சொல்கிற பேச்சா இது? கொஞ்ச நாள் காக் யாத்தியைக் கண்டாலே துணி காயப்போடுவதுபோல் திரும்பிக்கொண்டேன். நல்லவேளை, அவர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

நோன்பு மாதம் வந்ததும், நோன்பு திறக்க எங்களையும் மல்லிகா அக்காவையும் வீட்டுக்கு அழைத்தார். விருந்துக்குப் போகுமுன் பிள்ளைக்கு வீட்டிலேயே ஊட்டிவிடுவது என் வழக்கம். அடுத்தவர் வீட்டுச் சோற்றைத் துப்பி மானத்தை வாங்கிவிடுவாளே! அன்றைக்கென்று பார்த்துச் சோறு பாதி வெந்திருக்கும்போதே கேஸ் தீர்ந்துபோனது. கணவர் இன்னும் பாலத்து நெரிசலில் இருந்தார். பிஸ்கட் டப்பாவைப் பையில் மறைத்துக்கொண்டு அவளைக் கூட்டிப்போனேன்.

மேசையில் கோழி போட்ட நோன்புக் கஞ்சி, பேரீச்சம்பழம், ரோஜா நிறத்தில் பால். காக் யாத்தியின் மகள்கள் இருவரும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் எதையும் தொடவில்லை. யாழினி அவர்களுக்கு நடுவே ஏறி உட்கார்ந்துகொண்டாள். என் கை பைக்குள் போனது. மல்லிகா அக்கா அதைப் பிடித்துக்கொண்டார்.

"இரு தங்கச்சி. பள்ளிவாசல்ல பாங்கு சொல்லட்டும். எல்லாரும் சேந்துதான் சாப்புடுவாங்க."

"இவ பசி தாங்கமாட்டாக்கா."

"அலமாக்! அவளுக்குப் பசின்னா என்னன்னே தெரியாது லா. நீ தெரிய வுட்டாதானே?"

பையை மூடினேன். யாரும் யாழினியைக் கெஞ்சவில்லை; அவளையே பார்த்துக்கொண்டும் இருக்கவில்லை. சின்னவள் கஞ்சியை மோந்து கண்ணை மூடிக் காட்டினாள். யாழினியும் மோந்து பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, எப்போ சாப்பிடலாம்?"

அந்தக் கேள்வியை அவள் வாயிலிருந்து அதுவரை நான் கேட்டதே இல்லை.

பாங்கு ஒலித்தது. அவளே பேரீச்சம்பழத்தைக் கடித்தாள், கொட்டையைத் துப்பினாள், கஞ்சியை அள்ளினாள். சட்டையில் பாதி, வாயில் பாதி. அவள் சட்டையைத் துடைக்க நான் எழவில்லை. என் கண்ணைத் துடைத்துக்கொள்ளவே நேரம் சரியாக இருந்தது. காக் யாத்தி என் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி ஊற்றி, "மாக்கான், மாக்கான்" என்று தோளைத் தட்டினார். அதை யாரும் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காக் யாத்தியை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

அதன்பிறகு சாயங்காலப் பிஸ்கட்டைக் குறைத்தேன். தட்டு வைத்து, பள்ளிவாசல் பாங்குக்காக இருவரும் காத்திருந்து ஒன்றாகச் சாப்பிடுகிறோம். கத்தரிக்காயை இன்றும் ஓரத்தில்தான் ஒதுக்குகிறாள். ஒதுக்கட்டும், வீட்டில் யாரும் அழுவதில்லை. போன முறை நர்ஸ் எடையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

இந்த விடுமுறைக்குக் கரூர் போயிருந்தோம். முதல் நாள் இரவு அண்ணி சுடச்சுடச் சோறு போட்டு, கறிக்குழம்பு ஊற்றி, "சாப்புடு கண்ணு" என்றார். யாழினி கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே எப்போதோ இருட்டிவிட்டது. ஒரு காலத்தில் அவள் தேடிய நிலா ஜன்னலிலேயே நின்றது. குழம்பு பிடிக்கவில்லையோ என்று அண்ணிக்குக் கவலை.

"நான் ஊட்டி விடட்டுமா சாமி?"

யாழினி என்னைப் பார்த்தாள். "இன்னும் சத்தம் வரலையேம்மா?"

இங்கே கேட்காதுடி, சாப்பிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் கவனித்தேன். நான் பிறந்து வளர்ந்த அந்த வீட்டில், என் தட்டிலும் சோறு தொடாமல் இருந்தது. என் கையும் மடியில்தான் இருந்தது.