சவுக்காரத்துக்கு வெளுக்காத கறுப்பு

இதயத்தில் மாற்று வால்வு வைத்த மறுவாரம், எனக்குப் படுத்திருக்கவும் முடியவில்லை, மூட்டுவலி எழுந்து நடக்கவும் விடவில்லை. திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு வருடக்கணக்கில் ரயிலில் நின்றுகொண்டே வேலைக்குப் போன உடம்பு. வலி அதனால்தான் என்று நானாக முடிவுகட்டி வைத்திருந்தேன்.

அறுவை செய்த டாக்டர் வந்து, பழைய வால்வு மை பூசியதுபோல் கறுத்திருந்தது என்றார். உடம்பில் ஏதோ ஒன்று செரிக்காமல் தங்கி, மூட்டிலும் வால்விலும் படிந்துவிடுமாம். பிறவி நோய், அபூர்வமாம். "அப்பா அம்மா சொந்தமா? கைக்குழந்தையில உங்க மூத்திரத்துணி கறுத்துப்போகுமா?" என்று கேட்டார்.

என் அம்மா தன் தாய்மாமனைக் கட்டியவள். பக்கத்தில் இருந்தவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "சவுக்காரம் போடப் போட கறுப்பு ஏறும். சவுக்காரத்த மாத்தி மாத்திப் பாத்தேன். பொட்டப்புள்ளயாச்சே, நாளைக்கு எவன் கட்டுவான்னு வாய மூடிக்கினு இருந்துட்டேன்."

ஐம்பது வருடம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்துவதற்கு, பிளந்து தைத்த நெஞ்செலும்பு இடம் கொடுக்கவில்லை.

என் மகளைத் தம்பி மகனுக்கு நிச்சயம் செய்து தட்டு மாற்றியிருந்தோம். தம்பியும் மாமன் மகளைத்தான் கட்டியிருந்தான். சொந்தத்தில் கொடுத்தால் பிறக்கும் குழந்தைக்கும் இது வரலாம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தையல் ஆறியும் ஆறாமலும் விழுப்புரத்தில் தம்பி வீட்டுக்குப் போனேன்.

விஷயத்தைச் சொன்னதும் தம்பி எகிறினான். "பொண்ணு குடுக்க இஷ்டம் இல்லன்னா நேரா சொல்லிட்டுப் போக்கா. வால்வு மேல ஏன் பழி போடற?"

நான் துணி கறுத்த கதையைச் சொன்னேன். தண்ணீர் கொண்டுவந்த தம்பி மனைவி சொம்போடு நின்றுவிட்டாள். "எம்புள்ளைக்கும் அப்படித்தான் அண்ணி," என்றாள். "அத்தைதான் வெளிய சொல்லாதன்னாங்க. இப்பவே முதுகப் புடிச்சிக்கினுதான் எழுந்துக்கிறான்."

தம்பி தரையில் உட்கார்ந்துவிட்டான். நிச்சயத்தை முறிக்கப் போனவள் நான். கல்யாணப் பேச்சு அதோடு தானாகவே நின்றுபோனது. ஒன்றும் தெரியாமல் அந்தப் பிள்ளை உள்ளே பைக் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான்.

"சாவி அப்புறம் தேடலாம். சட்டையப் போட்டுக்கினு எங்கூட வாடா," என்றேன். "நெஞ்சுக்கு எக்கோ எடுக்கணும்."