இன்ஸ்பெக்டர் ஹாஸ்கின் கோர்ட்டில் பாடியது

செவர்ன்ஹாம் ஊர் போலீசில் துப்பறியும் இன்ஸ்பெக்டராக இருந்த வில்ஃப்ரெட் ஹாஸ்கினுக்கு முந்நூறு வருஷத்துக்கு முந்தைய தேவாலயப் பாட்டுகள் என்றால் பைத்தியம். மற்ற போலீஸ்காரர்கள் லீவு நாளில் மீன் பிடிப்பார்கள். இவர் பேராலய நூலகத்தில் தூசி தின்றுகொண்டிருப்பார். "செத்தவங்க பாட்டுக்கு உயிர் கொடுத்தது போதும், இங்க கூரை ஒழுகுது" என்பாள் மனைவி ஹெஸ்டர்.

அந்தக் காலத்துப் பாட்டில் ஒவ்வொரு குரலுக்கும் தனிப் புத்தகம். ஐந்து குரலும் சேர்ந்தால்தான் பாட்டு. ஒன்றை மட்டும் பிரித்துப் பாடினால் தலையும் இருக்காது, வாலும் இருக்காது. அப்படிச் சிதறிக் கிடந்த ஒரு பாட்டை ஹாஸ்கின் வருஷக்கணக்காக உட்கார்ந்து ஒட்டவைத்திருந்தார். ஈஸ்டர் அன்று பேராலயத்தில் அதைப் பாட அனுமதியும் கிடைத்துவிட்டது. நடுக்குரலுக்கு ஊரில் ஒரே ஆள்தான், கடிகாரம் ரிப்பேர் செய்யும் ஆஸ்பர்ட் பிம்.

ஈஸ்டர் நெருங்கும்போது ஒரு டாக்டர் வீட்டில் வெள்ளிச் சாமான்கள் திருடு போயின. மாடிப்படியில் ஒளிந்திருந்த வேலைக்காரி மார்த்தா திருடன் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏதோ முனகிக்கிட்டே மூட்டை கட்டினான் சார். அதைப் பாட்டுன்னும் சொல்ல முடியாது" என்று முனகிக் காட்டினாள்.

ஹாஸ்கினுக்குக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. அது பிம்மின் வரி. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஈஸ்டர் கழிந்து பிடித்தால் என்ன என்று நாள் முழுக்கத் தவித்தார். கடைசியில் போய்ப் பிடித்தார். பாட்டு ரத்தானது.

வெள்ளி கிடைக்கவில்லை. கோர்ட்டில் பிம் ஒரே பிடியாக நின்றான். "புத்தகத்தைப் பாக்காம எனக்கு அதுல ஒரு வரிகூட வராது ஐயா. நான் எங்க முனகறது?"

"அது என்ன பாட்டு? பாடிக் காட்டுங்க, இன்ஸ்பெக்டர்" என்றார் நீதிபதி.

ஹாஸ்கின் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினார். பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது.

"இதுவா பாட்டு?" என்றார் நீதிபதி.

ஹாஸ்கினுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் விடாமல் பாடினார். வரி முடிகிற இடத்தில் ஒரு சுரத்தை அரைப்படி ஏற்ற வேண்டும். அது புத்தகத்தில் எழுதியிருக்காது, பாடுகிறவனே ஏற்றிக்கொள்வதுதான் அந்தக் காலத்து வழக்கம். பதற்றத்தில் ஹாஸ்கின் கோட்டைவிட்டார்.

"ஐயோ, அங்க ஏத்தணும் சார்!" கூண்டிலிருந்து பிம் பொறுக்கமாட்டாமல் கத்தினான். கத்தியதோடு விடாமல், கண்ணை மூடி அந்த வரியை முழுசாகப் பாடியும் காட்டினான். முடித்த பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது.

ஆறு மாதம் ஜெயில்.

வீட்டில் ஹெஸ்டர் கேட்டாள்: "கேஸ்தான் ஜெயிச்சாச்சே, ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க?"

"ஆறு மாசம்னதும், அடுத்த ஈஸ்டருக்குள்ள வந்துடுவான்னுதான் எனக்கு முதல்ல தோணிச்சு ஹெஸ்டர்."

"வருவான். உங்ககூட நின்னு பாடுவானா?"

ஹாஸ்கின் அதை யோசித்திருக்கவில்லை.