இரண்டு தரம் வகுத்த பதிவுகள்

சந்தேகம் வரும் இடத்தில் அண்ணை பென்சிலால் ஒரு சின்னக் கேள்விக்குறி போடுவார். பிறகு அழிக்க வசதியாக, அழுத்தாமல் போடுவார்.

இரண்டாயிரங்களின் நடுவில், மொன்றியலில் ஓர் ஆய்வுகூடத்தில் நிலநடுக்கப் பதிவுகளுக்கான தரவுத்தளம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தோம். தரை எவ்வளவு பலமாக உலுங்கியது என்று கருவிகள் பதிந்த எண்கள் பல நாடுகளிலிருந்து வந்து குவியும், ஒவ்வொன்றும் ஒவ்வோர் அலகில். எல்லாவற்றையும் உரிய எண்ணால் வகுத்து, எங்கள் பேச்சில் 'பிரித்து', ஒரே அலகுக்கு மாற்ற வேண்டும். கட்டடம் கட்டுகிறவர்கள் அதை நம்பித்தான் தூணின் பருமனைத் தீர்மானிப்பார்கள். திருகோணமலையில் நில அளவையாளராக இருந்து, டோர்வல் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டி தூக்கிக்கொண்டிருந்த அண்ணையை இந்த வேலைக்குக் கூட்டிவந்தவன் நான்தான். கதிரையில் இருந்து செய்யும் வேலை என்ற சந்தோஷத்தில் முதல் நாள் கோட்டுப் போட்டு வந்தார்.

ஒருநாள் கேள்விக்குறி போட்ட தாளோடு வந்து நின்றார்.

"தம்பி, இந்தக் கட்டுப் பதிவுகள் முதலே மாத்தின மாதிரிக் கிடக்கு. இதையும் பிரிக்கிறதோ?"

எனக்கு ஆயிரம் சோலி. நிமிர்ந்தும் பார்க்காமல், "ஓம் அண்ணை, எல்லாத்தையும் பிரியுங்கோ" என்றேன்.

இரண்டு மாதம் கழித்து, என் ஆய்வை மேற்பார்த்த பேராசிரியர் வரைபடம் போட்டுப் பார்த்தார். வீடுகளை வீழ்த்திய ஒரு நடுக்கம், எங்கள் கட்டடத்துக்குக் கீழே ஓடும் மெத்ரோ ரயிலின் அதிர்வுக்கும் குறைவாகத் தெரிந்தது. எங்களைக் கூப்பிட்டார். அவர் பேசுவது பிரெஞ்சு. அண்ணைக்கு அது தெரியாது, ஆங்கிலமும் கொஞ்சம்தான். நடுவில் மொழிபெயர்க்க நான். ஏற்கனவே மாற்றிய பதிவுகளை அண்ணை ஏன் மறுபடி வகுத்தார் என்று பேராசிரியர் கேட்டார்.

"உங்களிட்டைக் கேட்டுத்தானே தம்பி செய்தனான். அதைச் சொல்லுங்கோ. ரெண்டு கிழமையில எல்லாத்தையும் திருத்திக் குடுக்கிறன் எண்டும் சொல்லுங்கோ."

என் பட்டம் அந்தப் பேராசிரியரின் கையெழுத்தில்தான் தங்கியிருந்தது. "மன்னிப்புக் கேட்கிறார்" என்று மட்டும் பிரெஞ்சில் சொன்னேன். அண்ணை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சொன்னதெல்லாம் அதுக்குள்ள அடங்கிட்டுதோ?"

"ஓம் அண்ணை" என்றேன். வெட்கம் கெட்டவன் நான்.

அந்த மாதத்தோடு அவருடைய வேலை போயிற்று. மறுபடி டோர்வலில் பெட்டி தூக்கப் போனார். பதிவுகளைத் திருத்திய நல்ல பெயர் எனக்கு வந்தது. தரவுத்தளத்தின் முகப்பில் இன்றும் என் பெயர்தான் இருக்கிறது. யாராவது அதைப் பாராட்டினால் உடம்பு கூசுகிறது.

பிறகு ஒரு தடவை பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு தமிழ்க் கடையில் மரக்கறி வாங்க நின்ற அவரைக் கண்டேன். ஒளிய இடமில்லை.

"தம்பி, அந்தக் கட்டைத் திருத்தினியளோ? பிழையோட விட்டா ஆரோ ஒராளின்ரை வீடெல்லோ விழும்."

திருத்திவிட்டேன் என்றேன். "அப்ப சரி" என்று சிரித்தார். உண்மையாகவே நிம்மதிப்பட்ட சிரிப்பு. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். தமிழில் கேட்டால் போதும், நடுவில் ஒருவரும் தேவையில்லை.

"கறிவேப்பிலை இண்டைக்கு வந்ததோ அண்ணை?" என்று கேட்டேன்.