மதிலோரம் விழுங்கிய பேரீச்சம்பழம்

என் மச்சிக்குக் காசநோயைக் கொடுத்தவள் நான்தான். அதோடு விட்டேனா? அதற்காக அவளையே என்னிடம் மன்னிப்புக் கேட்க வைத்து, பெரிய மனதோடு மன்னித்தும் விட்டேன்!

மச்சி என்றால் என் கணவரின் தங்கை, ரஹீமா. அடுத்த வீடு. இடையில் நெஞ்சளவு மதில்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். நீங்களும் அவசரப்படாமல் வாசியுங்கள். இத்தனை வருடம் மூடி வைத்ததுதானே... இன்னும் கொஞ்ச நேரம் பொறுக்கும்.

முதலில் என் நாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்முனையில் எங்கள் பக்கம் கல்யாண வீடென்றால் வட்டிலப்பத்துக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். தேங்காய்ப்பாலில் சர்க்கரையைக் கரைத்து நாக்கில் ஒரு சொட்டு வைத்தால், எது குறை, எது கூட என்று அது சொல்லிவிடும். பெருமைதான். பெருமை இல்லாமல் நான் எதைத்தான் செய்தேன்!

கொரோனாவுக்கு முந்திய மாரியில் எனக்கு இருமல் பிடித்தது. சளியைச் சோதித்துவிட்டுக் காசம் என்றார்கள். ஆறு மாதம் குளிசை, அதாவது மாத்திரை. தினமும் காலையில் கிளினிக்குக்குப் போய் தாதி மிஸ்ஸியின் கண் முன்னால் விழுங்க வேண்டும். என் மகளுக்கும் மருமகனுக்கும் ரஹீமாவுக்கும் தெரியும். ஊருக்குத் தெரியாது. தெரிந்தால் என் கை வட்டிலப்பத்தை யார் தொடுவார்கள்?

பிறகு ஊரடங்கு வந்தது. வீதியில் நாய்கூட யோசித்துத்தான் நடந்தது. ஒரு மாதத்துக் குளிசையை ஒன்றாகக் கையில் தந்து, வீட்டில் யாராவது பார்த்திருக்க விழுங்கி, அட்டையில் கோடு போடச் சொன்னார்கள். மகள் தான் பார்ப்பதாகச் சொன்னாள். பெற்ற மகளுக்கு முன்னால் வாயைப் பிளந்து காட்டுவதா? முடியாது என்றேன். ரஹீமாவைக் கேட்டேன்.

அவள் பெண் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுப்பவள். சொன்ன சொல் தவறமாட்டாள். காலையில் மதிலடிக்கு வந்து நிற்பாள்.

"முழுங்கினீங்களா மச்சி?"

"ஓம் கா."

அவ்வளவுதான். அட்டையில் கோடு விழும்... ஆனால் கட்டத்துக்கு வெளியே விழும்! அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. அதை எடுக்க ஆஸ்பத்திரியில் தந்திருந்த நாளும் கொரோனாவால் தள்ளிப் போயிருந்தது. ஒருநாள் குளிசை ஒன்று கை தவறி மணலில் விழுந்தது. நான் குனிந்து தேடிக்கொண்டிருக்க, அவள் திருப்தியாகக் கோடு போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அதை நினைத்து அன்று முழுக்கச் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு நின்றிருந்தால் என்ன...?

குளிசை என் நாக்கைக் கெடுத்திருந்தது. தேநீரும் இரும்பு, சோறும் இரும்பு. ஒரு வெள்ளிக்கிழமை வட்டிலப்பம் அவித்தேன். மருமகன் ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மாமி, இதில இனிப்பே இல்லயே. ஒங்களுக்கு ருசி தெரியல்லயா?"

அந்த நாட்களில் ருசி தெரியவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சுகாதாரப் பரிசோதகர் பீ.எச்.ஐ. வருவார், வண்டி வரும், எங்கேயோ ஒரு முகாமுக்கு ஏற்றிப் போவார்கள். அங்கே மவுத்தானால் மையத்தை, அந்த உடலைக்கூட, அடக்க விடமாட்டார்கள், எரிப்பார்கள். எங்கள் ஊரில் நோயைவிட அதற்குத்தான் நடுங்கினோம்.

குளிசையால்தான் நாக்கு இப்படி என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வசனம்! ஆனால் என் நாக்கு கெட்டுவிட்டது என்று என் வாயாலேயே சொல்வதா? சர்க்கரை சரியில்லை என்று கடைக்காரன் மேல் பழியைப் போட்டேன். மறுநாளிலிருந்து குளிசையை நிறுத்தினேன்.

மதிலடிக்கு மட்டும் தவறாமல் போனேன். பேரீச்சம்பழத்தைக் குளிசையளவு கிள்ளி உருட்டி வைத்துக்கொள்வேன். ரஹீமா பார்த்திருக்க அதை விழுங்குவேன். குளிசை வாழையடியில் புதையும். அந்த வாழை போட்ட குலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! அதிலும் ஒரு சீப்பு ரஹீமாவுக்குக் கொடுத்தேன்.

நாக்கில் ருசி திரும்பியது. இருமலும் இல்லை. கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த வருடம் இருமல் திரும்பி வந்தது. இருமினால் கொரோனா என்பார்கள் என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அந்த முந்தானையோடுதான் பின்னேரங்களில் ரஹீமாவின் அறையில் உட்கார்ந்து கதைத்தேன். மழைக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு, ஒரே சஹன் தட்டில் கைபோட்டுச் சாப்பிட்டோம்.

மெலிந்தது அவள். சோதித்தார்கள், காசம். பக்கத்தில் பழகியவர்களையும் வரச் சொன்னார்கள். எனக்கும் இருந்தது.

மிஸ்ஸி கேட்டார், முந்தி குளிசையை ஒழுங்காக எடுத்தேனா என்று. நான் நிமிர்ந்து உட்கார்ந்து, அட்டையைப் பாருங்கள் என்றேன். அதில்தான் கோடு கோடாகக் கிடந்ததே...

அன்று பின்னேரம் ரஹீமா மதிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"குளிசை எல்லாம் முடிச்சுச் சுகமா இருந்த மனிசி நீங்க. நான்தான் ஒங்களுக்கு மறுகாவும் தந்துட்டன். என்னப் பொறுத்துக்கங்க மச்சி."

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"பொறுத்துட்டன் கா. அழாத."

அடி பாவி! இதை எழுதும்போதுகூட என் காது சுடுகிறது.

இரண்டாம் முறை ஒரு குளிசையும் வாழைக்குப் போகவில்லை. இரண்டு பேரும் மதிலின் இரண்டு பக்கமும் நின்று ஒன்றாக விழுங்கினோம். யார் முதலில் விழுங்குவது என்று போட்டி வேறு! நான் முழுதாகச் சுகமானேன். வட்டிலப்பமும் பழையபடிதான், கேட்டுப் பாருங்கள். ரஹீமாவும் சுகமானாள் என்றுதான் அட்டை சொல்கிறது. ஆனால் குர்ஆனின் நீண்ட ஆயத்தை ஒரே மூச்சில் ஓதிக்காட்டியவள், இப்போது பாதியில் நிறுத்தி மூச்செடுக்கிறாள். பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். மதிலுக்கு இந்தப் பக்கம் நானும் அந்த இடைவெளியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் அவள் மக்காவுக்கு உம்ரா போனாள். பயணத்துக்கு முன் வீடு வீடாக மன்னிப்புக் கேட்பது வழக்கம். என் வீட்டுக்கு முதலில் வந்தாள். அதே பிழைக்குத் திரும்பவும் மன்னிப்பு! சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் உண்டா? வாயைத் திறந்தேன்... "வட்டிலப்பம் தின்னுட்டுப் போ" என்றேன்.

திரும்பி வந்ததும் நேரே மதிலடிக்கு வந்தாள். கண்ணில் வெள்ளை எடுத்து ஒரு வருடமாகிறது. ஊசியில் நூல் கோர்க்கிறாள் இப்போது. கையில் மக்கத்துப் பேரீச்சம்பழம். கொட்டையை நீக்கி, தன் கையாலேயே என் வாயில் வைத்தாள். அந்தப் புதுக் கண்களால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முழுங்கினீங்களா மச்சி?"

பழம் தொண்டையிலேயே நின்றது.

"ஓம் கா" என்றேன்.