நல்லதுக்குப் பொரித்த மீன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, செப்டெம்பர் மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஸ்காபரோவில் நாங்கள் போகும் கத்தோலிக்கக் கோவிலின் நிலக்கீழ் மண்டபத்தில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிறது. எழுதினால் ஆறுமோ என்று பார்க்கிறேன். ஆறாது என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் கோவில் ஒன்று, சனம் இரண்டு. மத்தியானம் ஸ்பானிய மொழியில் பூசை, பின்நேரம் தமிழில் பூசை. மேலே பீடம் ஒன்று, கீழே குசினியும் ஒன்று. பீடத்தில் ஒருநாளும் பிரச்சினை வந்ததில்லை. வந்ததெல்லாம் குசினியில்தான்.

என் தோழி ஸ்பானியப் பூசைக்கு வருபவர். பெரு நாட்டுக்காரி, கய்யாவோ என்ற துறைமுகப் பட்டினத்தில் பிறந்தவர். நாங்கள் இருவரும் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறோம். உப்பில்லாத சூப், உறைப்பில்லாத கோழி, அரைத்த கரட், இதுதான் அங்கே எங்கள் கைவண்ணம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மத்தியானச் சாப்பாட்டுக்கு இருந்தபோது, பையிலிருந்து மிளகாய்த்தூள் போத்தலை எடுத்தேன். எதிர்க் கதிரையில் இருந்தவர் தன் பையிலிருந்து மஞ்சள் மிளகாய் அரைத்த போத்தல் ஒன்றை எடுத்தார். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். அப்படிப் பிடித்த சிநேகம்.

பெருவுக்கு நான் இன்றுவரை போனதில்லை. போகாவிட்டால் என்ன, இங்கே வெக்ஸ்போர்டில் இருக்கும் அவருடைய அபார்ட்மென்டுக்குக் காரில் பத்து நிமிடம். லீவு நாட்களில் அங்கே போய்விடுவேன். உருளைக்கிழங்கை அவித்துப் பிசைந்து, தேசிக்காய்ப் புளி விட்டு, இடையில் கோழி வைத்துக் குளிரக் குளிர அடுக்கித் தருவார். எங்களுக்கு உருளைக்கிழங்கு என்றால் வெறும் உருளைக்கிழங்கு. அவர் ஒவ்வொரு வகைக்கும் ஒரு பெயர் சொல்லுவார், அதன் குணத்தையும் சொல்லுவார். சாப்பிட்டுக்கொண்டே தொலைபேசியில் கய்யாவோவின் கடற்கரையையும், மலைக்கு ஏறும் ரயிலையும், ஊர்வலத்தில் ஆடும் பெண்களையும் காட்டுவார். நான் மன்னார்க்காரி. கடலைக் கண்டால் எந்த நாட்டுக் கடல் என்று பார்க்கமாட்டேன், வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

எல்லாவற்றுக்கும் மேலே செவிச்சே. பச்சை மீனைத் துண்டு துண்டாக வெட்டி, உப்புப் போட்டு, பரிமாறுவதற்குச் சற்று முன்பு தேசிக்காய் பிழிந்து விடுவார்கள். மீன் கண்ணெதிரே வெள்ளையாக மாறும். மேலே மெல்லிய வெங்காயம், மிளகாய், கொத்தமல்லி இலை. பக்கத்தில் அவித்த இனிப்பு வத்தாளங்கிழங்கும் பெரிய மணிச் சோளமும். அடியில் நிற்கும் புளித் தண்ணீருக்குப் பெயர் புலிப்பால். முதல்தரம் கேட்டபோது மீன் தின்று வளர்ந்த எனக்கே முகம் கோணியது. நாங்கள் தேசிக்காயும் உப்பும் போட்டு மீனைக் கழுவுவது வெடுக்குப் போவதற்கு. பிறகுதான் அடுப்பு. அவர்களுக்கு அந்தத் தேசிக்காய்தான் அடுப்பு. ஒரு வாய் வைத்த பிறகு நான் தட்டை வழித்ததை அவர் இன்றைக்கும் எல்லாருக்கும் சொல்லிச் சிரிப்பார்.

அவருடைய அப்பா துறைமுகத்துக்குப் பக்கத்தில் செவிச்சேக் கடை வைத்திருந்தவர். காலையில் வந்த மீன் மத்தியானத்தோடு முடியவேண்டும், முடிந்ததும் கடையைப் பூட்டிவிடுவார். தேசிக்காயை மட்டும் வேறு ஒருவர் கையில் கொடுக்கமாட்டாராம். கடைசித் துளிவரை நெரித்தால் கசக்கும் என்று பாதிக்கு மேல் பிழியவிடமாட்டாராம். அந்த மனிதர் இறந்தபோது தோழியால் போகமுடியவில்லை. அகதி வழக்கு முடியாமல் கிடந்தது. ஊருக்குப் போனால் வழக்குப் போச்சு. செத்தவீட்டைத் தொலைபேசியில் பார்த்தார். அந்த நேரம் நான் பக்கத்தில் இருந்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவுக்குப் பூசை ஒப்புக்கொடுத்து, பூசை முடிய வருகிறவர்களுக்கு அப்பாவின் செவிச்சேயைக் கொடுப்பது என்று முடிவெடுத்தார். அவருக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். காலையில் சந்தைக்குப் போய் மீனின் செவுளைத் திறந்து பார்த்து, கடைக்காரருடன் வாக்குவாதப்பட்டு வாங்கிவந்தார். இருவரும் கோவில் குசினியில் வெட்டி, உப்பிட்டு, தட்டத்தில் பரப்பி பிரிஜ்ஜுக்குள் வைத்தோம். தேசிக்காய் ஒரு பை நிறைய, வெட்டிய வெங்காயம் ஒரு கிண்ணம், பக்கத்தில். மண்டபத்தில் ஒரு மேசை, வெள்ளை விரிப்பு, ஏப்ரன் கட்டிய அப்பாவின் படம், ஒரு மெழுகுதிரி, ஒரு வெறும் தட்டு. முதல் பங்கு அந்தத் தட்டுக்கு.

நாங்கள் பூசைக்கு மேலே போகும் நேரம் எங்கள் தமிழ்ப் பெண்கள் குசினிக்கு வந்துவிட்டார்கள். அன்று தமிழ்ப் பூசைக்குப் பிறகு ஒன்றுகூடல் இருந்தது. றோல்ஸ் பொரிக்கத் தாச்சியில் எண்ணெய் ஏறிவிட்டது. எங்கள் சபையின் குசினிப் பொறுப்பு ஒரு அன்ரியிடம். உழைப்பாளி, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் குசினிக்குள் சாமியார் வந்தாலும் அவரைக் கேட்டுத்தான் தண்ணீர் குடிக்கவேண்டும். அவரிடம் நான் பிரிஜ்ஜைத் திறந்து காட்டியே சொன்னேன்.

"அன்ரி, உது அவவின்ரை தேப்பன்ரை ஆண்டுக்கு. பச்சையாத்தான் தேசிக்காய்ப் புளி விட்டுச் சாப்பிடுறது. ஒருத்தரும் தொடவேண்டாம்."

"பச்சை மீனோ? சீ!" என்றார். பிறகு, "ஓம் ஓம், நீர் போம் பிள்ளை, நான் பார்த்துக்கொள்ளுறன்" என்றார்.

பார்த்துக்கொண்டார்.

பூசை முடிந்து படியால் இறங்கும்போதே பொரித்த மீன் மணம். உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணம் எனக்கு வாயூறியது. அடுத்த கணம் குசினிக்குள் ஓடினேன். எங்கள் தட்டம் கழுவிக் கவிழ்த்திருந்தது. பக்கத்தில் அலுமினியத் தட்டு நிறைய மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டிப் பொரித்த மீன். ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கவில்லை.

"பயப்பிடாதையும் பிள்ளை, எல்லாத்தையும் வடிவாப் பொரிச்சு வைச்சிருக்கிறன்" என்று அன்ரி முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்.

"உங்களுக்குச் சொல்லிப்போட்டெல்லோ போனனான்?"

"சொன்னனீர்தான். பச்சையாத் திண்டு ஆருக்கும் ஏதும் ஆனால் பழி ஆரின்ரை தலையிலை விழும்? அவையின்ரை நல்லதுக்குத்தான் செய்தனான்."

தெரியாமல் செய்திருந்தால் நான் இன்றைக்கு இதை ஒரு பகிடியாகச் சொல்லியிருப்பேன். வெட்டிய மீன், உப்பு, தேசிக்காய், வெங்காயம் எல்லாம் ஒன்றாகக் கிடந்தால் நம்மவர் யாருக்கும் கை தாச்சிக்குத்தான் போகும். இது தெரிந்து செய்தது. சொன்ன பிறகு செய்தது. இந்த அன்ரி தன் தாயின் செத்தவீட்டை வீடியோக் கசெட்டில் பார்த்து அழுதவர். வருடா வருடம் தாயின் நினைவுநாளுக்குப் பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சி எங்கள் எல்லாருக்கும் தருபவர். அந்தக் கூழுக்குள் யாராவது ஒரு வெள்ளைக்காரி வந்து, உடம்புக்கு நல்லது என்று பாஸ்தாவை அள்ளிப் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? நாங்கள் ஸ்காபரோவை விட்டே ஓடியிருப்போம். கருவாடு பொரித்த மணத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பாடு செய்தார், கட்டடத்துச் சுப்பரின்டென்டன் வந்து கதவைத் தட்டினான் என்று இரண்டு வருடமாக ஊரெல்லாம் சொல்லிக் குமுறியவரும் இவர்தான். அடுத்தவன் நம் சாப்பாட்டுக்கு மூக்கைப் பொத்தினால் அது துவேஷம். நாங்கள் அடுத்தவன் சாப்பாட்டுக்கு முகத்தைச் சுளித்தால் அது சுத்தமாம்!

இதையெல்லாம் அன்று நான் கத்தினேன். அழகாகக் கத்தவில்லை. அகப்பையைத் தூக்கி எறிந்தேன். நல்லவேளை, சுவரில் பட்டது.

தோழி எனக்குப் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. தட்டைப் பார்த்தார். என் கையைப் பிடித்து, ஆங்கிலத்தில், "அந்தத் தேசிக்காய்ப் பையைத் தா" என்றார். வெங்காயத்தில் உப்பைப் போட்டுப் பிசறி, தேசிக்காயைப் பாதி மட்டும் பிழிந்து, பொரித்த மீனின் மேலே பரப்பினார். மண்டபத்துக்குக் கொண்டுபோய், காத்திருந்தவர்களிடம் ஸ்பானிய மொழியில் ஏதோ சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள், கைதட்டினார்கள், வரிசையில் வந்து எடுத்தார்கள். ஒரு வயதானவர் இரண்டாம்தரமும் வந்தார்.

அன்ரி குசினி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று இதைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "பார்த்தீரோ? அவையள் சந்தோஷமாத்தான் சாப்பிடினம். உமக்குத்தான் கொதி" என்றார்.

அப்போதுதான் அப்பாவின் மேசையைப் பார்த்தேன். மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. படத்துக்கு முன்னால் இருந்த தட்டு வெறுமையாக இருந்தது. முப்பது பேருக்கு மேல் சாப்பிட்டார்கள். அந்தத் தட்டில் மட்டும் தோழி ஒரு துண்டும் வைக்கவில்லை. முடியும்வரை வைக்கவேயில்லை. அதை வேறு யாரும் கண்டதாகத் தெரியவில்லை.

தோழியை வீட்டுக்குக் கொண்டுபோய் விடும்போது காரில் கேட்டேன், அவர்களிடம் என்ன சொன்னாய் என்று. விற்காமல் மிஞ்சிய மீனை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்து பிள்ளைகளுக்கு இப்படித்தான் பொரித்துத் தருவார் என்று சொன்னாராம். எனக்குப் பாதி மனம் ஆறிற்று. அப்படியானால் இதுவும் அப்பாவின் சாப்பாடுதானே என்றேன்.

அவர் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார். "இல்லை. அப்பா பொரித்த மீனைத் தொடமாட்டார். பழைய மீனை மறைக்கத்தான் பொரிப்பது என்று சொல்லுவார்."

நான் காரை ஓரத்தில் நிறுத்திவிட்டேன். ஏன் பொய் சொன்னாய் என்று அவரோடும் கோபப்பட்டேன். "அவர்கள் என் அப்பாவுக்காக வந்தவர்கள். ஒரு சண்டையைப் பார்த்துவிட்டா வீட்டுக்குப் போவது?" என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார். அப்பாவின் நாளில், அப்பாவின் படத்துக்கு முன்னால், அப்பாவைப் பற்றியே ஒரு பொய் சொல்ல வைத்தோமே அந்தப் பெண்ணை! எதற்காக? எங்கள் அன்ரியின் முகம் கறுக்கக் கூடாது என்பதற்காகவா?

அந்தக் கிழமையே அன்ரி எனக்குத் தொலைபேசி எடுத்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறாராக்கும் என்று பைத்தியக்காரி நான் நினைத்தேன். "உம்மடை சிநேகிதி வாற வருஷமும் மீனை எங்களிட்டையே தரட்டும், இன்னும் திறமாப் பொரிச்சுக் குடுக்கிறம்" என்றார். இன்றைக்கும் பிறந்தநாள் விழாக்களில் இந்தக் கதையைச் சொல்லுகிறார், பச்சை மீன் தின்னப் போன சனத்தைக் காப்பாற்றிய கதையாக. கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். நான் இருக்கும் இடமென்றால் எழும்பி மீதிக் கதையைச் சொல்லிவிடுவேன். அதனால் இப்போது இரண்டு மூன்று வீடுகளில் எனக்கு அழைப்பு வருவதில்லை. நல்லது, வாரக்கடைசி மிச்சம்.

அடுத்த ஆண்டு வந்தபோது, உன் வீட்டிலேயே செய்வோம் என்று தோழியிடம் சொன்னேன். கேட்கவில்லை. "அது என் கோவிலும்தான். நான் ஏன் ஒளிக்கவேண்டும்?" என்றார். சரி என்று காலையில் மீனை வெட்டி வைத்தோம். அவர் பூசைக்குப் போனார். நான் போகவில்லை. பிரிஜ்ஜுக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு, கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு இருந்தேன். ஆண்டவர் கோபித்தால் கோபிக்கட்டும், அவரோடு பிறகு கதைத்துக்கொள்ளலாம்.

அன்ரி வந்தார். "என்ன பிள்ளை, பூசைக்குப் போகேல்லையோ?"

"இல்லை அன்ரி. மீனுக்குக் காவல்."

"ஏன், நான் என்ன கள்ளியோ?"

நான் கதிரையை இன்னும் கொஞ்சம் கதவோடு நெருக்கிப் போட்டேன்.

பூசை முடிந்து தோழி வந்து தேசிக்காய் பிழிந்தார். மீன் வெள்ளையாக மாறியது. முதல் பங்கை அப்பாவின் தட்டில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு என் கையில் ஒரு கோப்பையில் புலிப்பால் தந்தார். அன்ரியிடமும் ஒரு தட்டை நீட்டினார். அன்ரி, "எனக்கு வேண்டாம்" என்று கையால் மறித்தார். தோழி சிரித்துக்கொண்டு தட்டைத் திருப்பி எடுத்தார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. யாரும் அவர் வாய்க்குள் திணிக்கவில்லை, அவர் தட்டை எடுத்துத் தாச்சிக்குள் கொட்டவுமில்லை. முதல் வருடம் நாங்கள் கேட்டதும் அவ்வளவுதான்.

இன்றைக்கும் யாராவது என்னிடம் "உங்கடை நல்லதுக்குத்தான்" என்று தொடங்கினால், சொல்ல வந்ததைக் கேட்பதற்கு முன்பே எனக்கு அந்தப் படமும், எரிந்துகொண்டிருந்த மெழுகுதிரியும், கடைசிவரை வெறுமையாகக் கிடந்த அந்தத் தட்டும்தான் கண்ணுக்குள் வந்து நிற்கின்றன.